அயர்லாந்தில் ஆள் கணக்கு: டப்ளினிலிருந்து அக்கில் தீவு வரை

2024 செப்டம்பர் 7, சனி. டப்ளின்

இரவு ஷிஃப்ட் முடித்த கையோடு அக்கா மகள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனாலும் என் பெட்டியை விடமாட்டேன் என்று அவளே இழுத்துக்கொண்டு நடந்தாள். நாலு வருஷமாக இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வெளியே 15 டிகிரி, பூந்தூறல். இதை இவர்கள் மழையில் சேர்ப்பதே இல்லை, குடை பிடித்தவர் ஒருவரும் இல்லை. பஸ்ஸில் பயண அட்டையைத் தொட்டால் இரண்டு யூரோ, 90 நிமிடத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே இரண்டு யூரோதான். இறங்குகிற ஒவ்வொருவரும், பள்ளிக்கூடப் பையனிலிருந்து கைத்தடி ஊன்றிய பாட்டி வரை, டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டுகிறார்.

வீடு என்றால் வீட்டில் ஒரு அறை. மூன்று படுக்கையறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவள் அறைக்கு மாதம் 850 யூரோ, நம் கணக்கில் கிட்டத்தட்ட 79 ஆயிரம் ரூபாய். ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஐந்து தட்டு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி டேப் ஒட்டியிருக்கிறது. அவள் தட்டில் தோசை மாவு டப்பா, தயிர், பாதி வெட்டிய சௌசௌ. வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறாராம், நவம்பர் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்.

ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். "எங்க வார்டுல போன வாரம் ரெண்டு ஐரிஷ் பொண்ணுங்களுக்கு ஃபேர்வெல் சித்தி. ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போறாங்க. அவங்க எடத்துக்குக் கேரளாவுலேருந்து ரெண்டு பேர் வர்றாங்க." கேக் வெட்டும்போது எடுத்த போட்டோவையும் காட்டினாள். போகிற பெண்களில் ஒருத்திக்கு 31 வயது, இதுவரை அம்மா அப்பா வீட்டில் சின்ன வயது அறையிலேயே இருந்தவள், வாடகை கட்டுப்படியாகாததால்.

அப்புறம்தான் போன மாதக் கடைசியில் அரசாங்கப் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட கணக்கைத் தேடிப் படித்தேன். 2024 ஏப்ரல் வரையான ஒரு வருஷத்தில் நாட்டின் மக்கள்தொகை 98,700 கூடி 53 லட்சத்து 80 ஆயிரத்தைத் தொட்டிருக்கிறது, 2008-க்குப் பிறகு இவ்வளவு பெரிய ஏற்றம் இல்லையாம். வந்து குடியேறியவர்கள் 1,49,200. வெளியேறியவர்கள் 69,900. அப்படி வெளியேறியவர்களில் ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் 10,600 பேர். அந்த கேக் போட்டோவை நினைத்துக்கொண்டு படித்தால் இந்த எண்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

செப்டம்பர் 8, ஞாயிறு. டப்ளின்

லிஃபி நதிக்கரையில் கஸ்டம் ஹவுஸ் தாண்டிப் போனால் பஞ்ச நினைவுச் சிலைகள். ரோவன் கில்லெஸ்பி செய்தது, 1997 முதல் இங்கே நிற்கிறது. மேடை கிடையாது, வேலி கிடையாது, நாம் நடக்கிற அதே நடைபாதையில் எலும்பும் தோலுமாக மனிதர்கள் துறைமுகத்தைப் பார்த்து நடக்கிறார்கள். ஒருவர் தோளில் ஒரு பிள்ளை துவண்டு கிடக்கிறது, பின்னால் ஒரு நாய். பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தேன், பலர் தொட்டுத் தொட்டோ என்னவோ வெண்கலம் அங்கே மட்டும் கொஞ்சம் மினுங்கியது. சிலைகளுக்குப் பின்னாலேயே கண்ணாடிக் கட்டிடங்கள், வங்கிகள், பெரிய கம்பெனிகள்.

1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவு முழுவதும் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. அந்த ஒரு பயிரை நம்பியே ஏழைகள் வாழ்ந்தார்கள், மற்ற தானியமும் மாடும் நிலக் குத்தகைக்காகவும் ஏற்றுமதிக்காகவும் போய்க்கொண்டே இருந்தன. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். பஞ்சங்கள் உலகில் பல இடங்களில் வந்திருக்கின்றன, ஒரு தலைமுறை இரண்டு தலைமுறையில் எண்ணிக்கை மீண்டுவிடும். இங்கே மீளவில்லை. இன்றைய குடியரசின் எல்லைக்குள் 1841-ல் 65 லட்சம் பேர் இருந்தார்கள். 1961-ல் வெறும் 28 லட்சம். நூற்றிருபது வருஷம் குறைந்துகொண்டே வந்த ஒரு நாடு! ஐம்பது லட்சத்தை மறுபடி தாண்டியது 2022 கணக்கெடுப்பில்தான், அதாவது 1851-க்குப் பிறகு முதல் முறை. பிரிட்டனோடு இருக்கிற வட அயர்லாந்தையும் சேர்த்துப் பார்த்தால் தீவு இன்றைக்கும் 1841-ஐ எட்டவில்லை.

அந்த 2022 படிவத்தில் கடைசியில் ஒரு காலிக் கட்டம் இருந்ததாம். நூறு வருஷம் கழித்துத் திறந்து படிக்கப்போகிறவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம். அக்கா மகளும் எழுதியிருக்கிறாள், என்ன எழுதினாய் என்று கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1922 உள்நாட்டுப் போரில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போயிற்று. மிஞ்சுகிற சில தாள்கள் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்கள் யோசித்த கட்டம் அது என்று எனக்குத் தோன்றியது.

மதியம் ஒரு சூப், இரண்டு துண்டு பழுப்பு ரொட்டி, வெண்ணெய்: எட்டரை யூரோ. விலையைப் பார்த்துத் தயங்கினேன், சாப்பிட்ட பிறகு வருத்தமில்லை. அந்த ரொட்டியின் சூடும் உப்பு வெண்ணெயும் இந்தக் குளிருக்கென்றே செய்தவை.

செப்டம்பர் 9, திங்கள். வெஸ்ட்போர்ட், அக்கில்

டப்ளினிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயிலில் மூன்றேகால் மணி நேரம். ஜன்னல் முழுக்கப் பச்சை, முதுகில் நீலமும் சிவப்பும் அடையாளம் பூசிய ஆடுகள், கூரையில்லாத கல் வீடுகள். முதலில் அந்த வீடுகளை எண்ண ஆரம்பித்தேன், ராஸ்காமன் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

வெஸ்ட்போர்ட்டில் அக்கில் போகிற பஸ் வரவில்லை. போர்டில் நேரம் இருக்கிறது, பஸ் இல்லை. குளிர்காற்றோடு சாய்வாக மழை, குடை ஒரே வீச்சில் திரும்பிக்கொண்டு கம்பி உடைந்தது. நிறுத்தத்தில் என்னோடு நின்ற ஒரு அம்மா யாருக்கோ போன் போட்டார். இருபது நிமிடத்தில் அவர் தம்பி வேனில் வந்தார், பின்னால் ஒரு நாயும் இரண்டு மூட்டை மாட்டுத் தீவனமும். "அக்கிலுக்கா, ஏறுங்கள்" என்றார், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஓட்டினார். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார், எதிரே வந்தவர்களும் தூக்கினார்கள். பணம் நீட்டியபோது முகம் வாடிவிட்டது, அப்புறம் நான் கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார்.

தங்கிய இடம் ஒரு வயதான அம்மாவின் வீடு, மேலே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார். காலைச் சாப்பாட்டோடு 60 யூரோ. சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிக்கிறார்கள், டர்ஃப் என்று பெயர், புகையில் ஒரு மண்வாசனை. அதன்முன் என் ஷூவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவைத்தார்.

செப்டம்பர் 10, செவ்வாய். அக்கில்

ஸ்லீவ்மோர் மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கிராமம். கிட்டத்தட்ட நூறு கல் வீடுகள், பழைய பாதை ஒன்றை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. கூரை ஒன்றுக்கும் இல்லை. உள்ளே போனால் ஒரே அறை, நாலு எட்டில் கடந்துவிடலாம். ஒரு மூலையில் சுவரில் மாட்டைக் கட்ட வைத்த கல், தரையில் அதன் மூத்திரம் வடிய ஒரு வாய்க்கால். மறுமூலையில் அடுப்பு இருந்த இடம் கறுத்திருக்கிறது. மனிதர்களும் மாடும் ஒரே அறையில் ஒன்றின் சூட்டில் மற்றொன்று குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். இப்போது அடுப்பிருந்த இடத்தில் ஒரு பெண்ணாடு படுத்திருந்தது, நான் போனதும் எழுந்திருக்கவில்லை, மென்றுகொண்டே பார்த்தது.

வீட்டைவிட எனக்கு மனசில் நின்றது சுற்றியுள்ள சரிவு. சாய்வான வெயில் ஒரு ஐந்து நிமிடம் அடித்தது, அப்போதுதான் தெரிந்தது, மலை முழுக்கச் சீப்பு வைத்து வாரியது போல வரி வரியாக மேடும் பள்ளமும். உருளைக்கிழங்குப் பாத்திகள். கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து கொட்டி, மண்வெட்டியால் புரட்டிப் போட்ட மேடுகள். பல தலைமுறைகளாக யாரும் பயிரிடவில்லை, புல் மூடிவிட்டது, ஆனால் மேடு அப்படியே இருக்கிறது. ஏர் போகாத அந்தச் செங்குத்தான இடம் வரைக்கும் பாத்தி போட்டிருக்கிறார்கள் என்றால் அப்போது எத்தனை வாய்கள் இருந்திருக்க வேண்டும்! அக்கில் இருக்கிற மேயோ மாவட்டத்தில் 1841-ல் 3,88,887 பேர், 2022-ல் சுமார் 1,38,000.

இந்தக் கிராமம் பஞ்சத்தோடு ஒரே நாளில் காலியாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடற்கரைப் பக்கம் நகர்ந்தார்கள், கோடையில் மாடு மேய்க்க மட்டும் வந்து தங்கினார்கள், அப்புறம் அதுவும் நின்றது. நடுவே ஒவ்வொரு வருஷமும் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பறிக்கப் போவது பிழைப்பாக இருந்தது.

ராத்திரி வீட்டுக்கார அம்மா சொன்னது என்னை உலுக்கிவிட்டது. 1894 ஜூனில் அப்படி அறுவடைக்குப் போனவர்கள், ஸ்காட்லாந்துக் கப்பலைப் பிடிக்க வெஸ்ட்போர்ட் போன படகு க்ளூ விரிகுடாவில் கவிழ்ந்து, 32 பேர் மூழ்கினார்கள். அப்போதுதான் அக்கிலுக்கு ரயில் பாதை போட்டு முடிக்கும் தறுவாய். அந்தப் பாதையில் முதலில் வந்த ரயில் அந்தச் சடலங்களைக் கொண்டுவந்தது. 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கர்கின்டில்லாக்கில் கொட்டகையில் தூங்கிய அக்கில் பையன்கள் பத்துப் பேர் தீயில் கருகினார்கள். அவர்கள் உடல்கள் வந்து சேர்ந்த சில நாட்களில் பாதையை மூடிவிட்டார்கள். இரும்புச் சக்கர வண்டி முதல் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் பிணங்களைச் சுமக்கும் என்று ஒரு பழைய தீர்க்கதரிசனம் ஊரில் உண்டாம். தீர்க்கதரிசனத்தை விடுங்கள், பிழைக்க வெளியூர் போகாமல் வயிறு நிறையாது என்ற நிலை நாற்பது வருஷத்துக்கும் மேலாக மாறவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செப்டம்பர் 11, புதன். அக்கில்

காலைச் சாப்பாடு: முட்டை, சாசேஜ், வதக்கிய காளான், தக்காளி, இரண்டு வகைப் புட்டிங் (இனிப்பு அல்ல, சாசேஜ் மாதிரி), உருளைக்கிழங்கு அப்பம், ரொட்டி, கெட்டியான தேநீர். மதியம் பசிக்கவே இல்லை. மழை விடாததால் பதினோரு மணிவரை சமையலறையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். கூடப் பிறந்தவர்கள் பதினோரு பேர், அவர்களில் எட்டுப் பேர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள். தபால் ஆபீசில் வேலையில் இருந்தாராம், 1971-ல் கல்யாணம் ஆன மறுவாரமே வேலையை விட வேண்டியதாயிற்று. அரசு வேலையில் இருக்கிற பெண் கல்யாணம் செய்தால் விலக வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. கருத்தடைச் சாதனம் விற்பதும் இறக்குமதி செய்வதும் 1935-லிருந்தே தடை, 1979-ல்தான் அதுவும் டாக்டர் சீட்டோடு என்று தளர்த்தினார்கள். அதனால் பிள்ளைகள் நிறைய. 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்றுக்கு மேல் பிள்ளை, ஆனால் அதே பத்து வருஷத்தில் நாலு லட்சம் பேர் வெளியேறினார்கள், நாடு சுருங்கியது. இன்றைக்கு ஒன்றரைப் பிள்ளைதான், ஆனால் நாடு பெருகுகிறது!

நான் இத்தனை நாள் மக்கள்தொகை என்றால் பிரசவ வார்டு கணக்கு என்றே நினைத்திருந்தேன். பிறப்பு குறைந்தால் நாடு அழியும், கூடினால் வளரும் என்று நம் ஊரிலும் தலைவர்கள் பேசக் கேட்கிறோம். இந்தச் சமையலறையில் உட்கார்ந்து அந்த அம்மா விரல்விட்டு எண்ணியதைக் கேட்டபோது அது எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. பிள்ளை பெறச் சொல்வது எளிது. பெற்ற பிள்ளை அந்த ஊரிலேயே வேலை பார்த்து, வீடு பிடித்து, தங்கிவிட முடிகிறதா? அதில்தான் எல்லாம் இருக்கிறது. 1960களில் தொழிற்சாலைகள் வந்தன, 1967-ல் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு இலவசமானது, 1973-ல் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்தார்கள். அப்போது திரும்பி வர ஆரம்பித்தார்கள். 80களில் மறுபடி வேலை போனது, மறுபடி கிளம்பினார்கள். அந்த அம்மாவின் அண்ணன் ஒருவர் 1974-ல் குடும்பத்தோடு வந்து, 1986-ல் குடும்பத்தோடு திரும்பப் போயிருக்கிறார்.

அந்த அம்மாவின் இரண்டு பிள்ளைகளும் இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். ஊரில் கேலிக் கால்பந்து (ஐரிஷ்காரர்களின் சொந்தக் கால்பந்து) அணிக்குப் பதினைந்து பையன்கள் சேர்வதே கஷ்டமாக இருக்கிறது என்றார். பேரனின் வீடியோ கால் வந்தது, அங்கே சாயங்காலம். என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்" என்று அறிமுகப்படுத்தினார்.

செப்டம்பர் 12, வியாழன். பாலிஹானிஸ்

திரும்பும் வழியில் இறங்கினேன். மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர், 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ் குடியுரிமை இல்லாதவர்கள், நாட்டிலேயே அதுதான் அதிகம். 1970களில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு தொழிலதிபர் ஹலால் இறைச்சி ஆலை தொடங்கினார், ஆட்கள் வந்தார்கள், 1987-ல் மசூதி எழுந்தது. பிறகு சிரியா, போலந்து, லித்துவேனியா என்று வந்துகொண்டே இருக்கிறார்கள்.

கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடை. ஒரு தட்டில் பாஸ்மதி, பக்கத்தில் போலந்து ஊறுகாய் ஜாடிகள், கல்லாவுக்கு மேலே ஊர் ஹர்லிங் அணியின் போட்டோ (ஹர்லிங் என்பது மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஐரிஷ் விளையாட்டு). கடைக்காரர் லாகூர்க் குடும்பம், பேச்சோ முழுக்க மேயோ உச்சரிப்பு, நான் இரண்டு முறை திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. சிக்கன் பிரியாணி பத்து யூரோ, நல்ல காரம், நாலு நாளுக்குப் பிறகு நாக்குக்கு உயிர் வந்தது. மூன்று மணிக்குப் பள்ளி விட்டதும் ஹர்லிங் மட்டையோடு பிள்ளைகள் வந்தார்கள், ஹிஜாப் போட்டவளும் சிவப்புத் தலைமுடிக்காரியும் ஒரே சிப்ஸ் பாக்கெட்டில் கைவிட்டபடி. இந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் வகுப்பறைகள் எத்தனை திறந்திருக்கும் என்று கடைக்காரர் கேட்டார். பக்கத்து ஊர்களில் பள்ளி மூடியதை அவர் பார்த்திருக்கிறார்.

எல்லாம் இப்படி இணக்கமாகவே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். டப்ளினில் கிராண்ட் கால்வாய்க் கரை நெடுக இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள், அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு இடமில்லாமல் கூடாரம் போட்டவர்கள் மறுபடி போடக்கூடாதென்று. அயர்லாந்து நிரம்பிவிட்டது என்று கோஷம் போட்டு ஊர்வலம் போகிறார்கள். கூரையில்லாத வீடுகளை மைல் கணக்கில் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்தக் கோஷம் வலித்தது. 1841-ல் இதைவிட அதிகம் பேர் இருந்த மண் இது. இடம் இருக்கிறது, வீடுதான் இல்லை. 2006-ல் வருஷத்துக்கு 90,000 வாக்கில் வீடு கட்டிய நாடு, 2008 சரிவில் கட்டுமானத்தொழிலே படுத்துவிட்டது, கொத்தனாரும் தச்சரும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள், 2013-ல் கட்டியது சில ஆயிரம். 2023-ல் 32,000 சொச்சம், அது போதவில்லை. அதே சமயம் 2022 கணக்கெடுப்பு இரவில் 1,66,000-க்கு மேல் வீடுகள் காலியாகக் கிடந்தன. பாழடைந்த வீட்டைச் சீர்செய்தால் 70,000 யூரோ வரை மானியம் தருகிறார்கள். கோபப்பட வேண்டிய இடம் இது, கூடாரத்தில் படுத்திருக்கிற பையன் மேல் அல்ல.

செப்டம்பர் 13, வெள்ளி. டப்ளின்

ஆறு மணிக்கு வீடு பார்க்க அவளோடு போனேன். இரண்டு படுக்கையறை, மாதம் 2,300 யூரோ, இன்னொரு நர்ஸோடு பங்கிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை, நாற்பது பேருக்குக் குறையாது. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கோப்பு: சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் கடிதம், வேலை கொடுத்தவரின் கடிதம். எங்களுக்கு முன்னால் ஒரு ஐரிஷ் தம்பதி, அந்தப் பெண் எட்டு மாதக் கர்ப்பம். வரிசையே அவர்களை முன்னால் போகச் சொன்னது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. உள்ளே ஆளுக்கு நாலு நிமிடம். அடுப்பைப் பார்த்தோம், ஜன்னல் ஓரம் ஈரம் பூத்திருந்ததைப் பார்த்தோம், கோப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

பஸ்ஸில் கேட்டாள், "அந்த ரெண்டு பொண்ணுங்க சிட்னி ஹாஸ்பிடல் லிங்க் அனுப்பியிருக்காங்க சித்தி. அப்ளை பண்ணவா?" இன்னும் ஒரு வருஷத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், வார்டில் எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும், நோயாளிகளின் பேச்சுவழக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த நாட்டுக்கு அவள் வேண்டும், அவளுக்கும் இந்த ஊர் பிடித்திருக்கிறது. "குடியுரிமை வரைக்கும் பொறு" என்றேன். "அதுக்கு மொதல்ல தங்க எடம் வேணுமே" என்றாள்.

ஒன்பதரைக்கு ஏஜென்டிடமிருந்து மெயில் வந்தது, வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. அந்தக் கர்ப்பிணிக்குக் கிடைத்திருந்தால் நல்லது என்று இரண்டு பேருமே சொன்னோம். புதன்கிழமை ட்ரம்கான்ட்ராவில் இன்னொரு வீடு பார்க்க நேரம் வாங்கியிருக்கிறாள், நான் நாளைக்குக் கிளம்புகிறேன்.